முள்ளைத் தட்டு தேர்ந்தெடுக்கட்டும்

(செங்கல்பட்டில் இசைத்தட்டு ஆர்வலர்கள் கூடிய மாலையொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



டர்ன்டேபிள் வாங்கிக் கொஞ்ச நாள் ஆனதும் எல்லாருக்கும் ஒரே கேள்விதான் வருகிறது: அடுத்து எந்தக் கார்ட்ரிட்ஜ் போடலாம்? கேட்கும்போதே கையில் இரண்டு பெயர் வைத்திருப்பார்கள். ஆர்ட்டோஃபோன் 2எம் புளூவா, டெனான் டி.எல்.103-ஆ? எது சார் நல்லது? நான் உடனே பதில் சொல்வதில்லை. வீட்டில் என்னென்ன ரிக்கார்டு இருக்கிறது, வீடு எந்த ஊரில் இருக்கிறது என்று திருப்பிக் கேட்பேன். முதல் கேள்வி அவருக்குப் புரிந்துவிடும். இரண்டாவது கேள்விக்கு முழிப்பார். கல்பாக்கத்தில் இருக்கிறவருக்கும் பெங்களூரில் இருக்கிறவருக்கும் ஒரே கார்ட்ரிட்ஜைச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. ஏன் வருவதில்லை என்பதுதான் இன்றைய பேச்சு.

நான் கடைக்காரன் அல்ல, எந்தக் கம்பெனிக்கும் ஏஜென்டும் அல்ல. ஆகவே விலைப்பட்டியல் என்னிடம் கிடைக்காது.

புதிதாக வந்திருப்பவர்களுக்காக அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தட்டின் பள்ளத்தில் ஓடுவது ஒரு வைர முள். அது மெல்லிய தண்டு ஒன்றின் நுனியில் இருக்கிறது. அந்தத் தண்டுக்குக் கேன்டிலீவர் என்று பெயர். தண்டின் மறுமுனையில் காந்தம் ஒட்டியிருந்து, அது ஆட, கம்பிச் சுருள் அசையாமல் நின்றால் மூவிங் மேக்னெட், அதாவது எம்.எம். சுருள் தண்டோடு சேர்ந்து ஆட, காந்தம் நிலையாக நின்றால் மூவிங் காயில், அதாவது எம்.சி. எம்.எம். வகை மூன்று முதல் ஐந்தரை மில்லிவோல்ட் வரை தரும். எம்.சி.யில் பெரும்பாலானவை அரை மில்லிவோல்ட்டையே தொடுவதில்லை. எம்.எம்.மில் முள் தேய்ந்தால் பழையதைக் கையால் உருவிப் புதியதைச் செருகிக்கொள்ளலாம். எம்.சி.யில் அது நடக்காது. மொத்தக் கார்ட்ரிட்ஜையும் மாற்ற வேண்டும், அல்லது முள் மாற்றித் தரும் கைவினைஞரைத் தேடி வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டும். இந்தக் கடைசி விஷயத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டியிருக்கும்.

இனி தட்டுகளுக்கு வருவோம். நம் பக்கத்து வீடுகளின் பரணில் இருப்பவை என்ன?

மிகப் பழையவை அரக்குத் தட்டுகள், 78 சுழற்சி. கௌஹர் ஜான் 1902-இல் கல்கத்தாவில் பாடிப் பதிவான காலத்திலிருந்து தொடங்கி, எம்.கே.தியாகராஜ பாகவதர், கே.பி.சுந்தராம்பாள், நாகஸ்வரத்தில் டி.என்.ராஜரத்தினம் பிள்ளை வரை அதில்தான் நமக்குக் கிடைத்தார்கள். ஏவி.மெய்யப்பன் படமெடுக்கப் பேர்பெறும் முன்பே, 1932-இல், கூட்டாளிகளோடு சரஸ்வதி ஸ்டோர்ஸ் தொடங்கி ஓடியன் ரிக்கார்டுகளை விற்றவர். சினிமாக்காரர் ரிக்கார்டு வியாபாரியானார் என்று பலர் நினைக்கிறார்கள். நடந்தது நேர்மாறாக.

அடுத்தது எல்.பி. கர்நாடக இசை வீடுகளில் இதுதான் அதிகம். எம்.எஸ்.சுப்புலட்சுமியின் வெங்கடேச சுப்ரபாதம் 1963-இல் எல்.பி.யாக வந்தது. இன்றைக்கும் ஒரு பழைய வீட்டைக் காலிசெய்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனால் முதலில் கையில் படுவது அந்தத் தட்டுதான்.

மூன்றாவது, 45 சுழற்சியில் ஓடும் ஏழு அங்குல ஈ.பி. பக்கத்துக்கு இரண்டு பாட்டாக நான்கு திரைப்பாடல்கள். அறுபதுகளிலும் எழுபதுகளிலும் தமிழ்த் திரைப்பாட்டு பெரும்பாலும் இந்தச் சின்னத் தட்டில்தான் வீடு வந்தது. அதற்குப் பிறகு இன்ரெகோவும் எக்கோவும் போட்ட ஸ்டீரியோ எல்.பி.க்கள், இளையராஜாவின் காலம். தமிழில் ஸ்டீரியோ ஒலிப்பதிவுக்குப் பேர்போன 'பிரியா' 1978-இல் வந்தது.

அறுபதுகளின் தமிழ்த் தட்டுகள் பெரும்பாலும் மோனோ. எச்.எம்.வி. எல்.பி. உறையில் எண் ஈ.சி.எல்.பி. என்று தொடங்கினால் மோனோ. ஈ.சி.எஸ்.டி. என்று தொடங்கினால் ஸ்டீரியோ. இதைப் பார்க்காமலேயே புதுக் கார்ட்ரிட்ஜுக்குப் பணம் கட்டுகிறவர்கள் உண்டு. மோனோத் தட்டில் பாட்டு முழுவதும் பள்ளத்தின் பக்கவாட்டு அசைவில் இருக்கிறது. மேலும் கீழுமாக ஆடும் அசைவில் பாட்டு இல்லை. அங்கே இருப்பது தூசு, தேய்மானம், கொறகொறப்பு. ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜ் இரண்டையும் சேர்த்தே எடுக்கும். ஆம்ப்ளிஃபயரில் மோனோ பட்டன் இருந்தால் அழுத்துங்கள். இரண்டு சேனலும் ஒன்றாகும்போது மேல்கீழ் அசைவின் சத்தம் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு போய்விடும். பட்டன் இல்லாவிட்டால் இரண்டு வயரை ஒன்றாக்கும் ஒய் வடிவ கேபிள் போதும். பாதி வீடுகளில் கார்ட்ரிட்ஜ் மாற்ற வேண்டும் என்ற ஆசை இதோடு அடங்கிவிடும் என்பது என் அனுபவம். சொன்னால் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் பார்க்கிறார்கள். செலவில்லாத வைத்தியத்துக்கு மரியாதை இல்லை.

ஆனால் தட்டு என்ன வகை என்பதைவிட முக்கியமானது, அது இதுவரை யார் கையில் இருந்தது என்பது.

சென்னை சென்ட்ரல் பக்கத்தில் மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்தது. அங்கிருந்த கடைகள் அல்லிக்குளம் வளாகத்துக்குப் போயின. பழைய தட்டு தேடுகிறவர்கள் இன்னும் அங்கே போகிறோம். அங்கே ஒரு திரைப்பாட்டு ஈ.பி.யைக் கையில் எடுத்து உறையைத் திருப்பிப் பாருங்கள். ரப்பர் ஸ்டாம்பில் ஏதாவதொரு சவுண்டு சர்வீஸின் பெயர் இருக்கும், ஊரும் இருக்கும். நம்மூர்ப் பக்கத்துத் தட்டுகளில் பாதிக்கு மேல் சவுண்டு செட்காரர் வழியாக வந்தவை என்றே சொல்வேன். கல்யாணம், காது குத்து, திருவிழா, தேர்தல். காலை நாலு மணிக்குச் சாமி பாட்டில் தொடங்கி இரவு வரை குழாய் ஸ்பீக்கரில் ஓடியவை. பந்தல் போட்ட மண் தரை. மேலே புழுதி. பக்கத்தில் சமையல் புகை.

அந்த செட்டில் என்ன கார்ட்ரிட்ஜ் இருந்தது? கிரிஸ்டல் அல்லது செராமிக். வீடுகளில் இருந்த எச்.எம்.வி. ஃபியஸ்டா போன்ற பெட்டி பிளேயர்களிலும் இந்த வகைதான். முள்ளின் அழுத்தம் ஐந்து ஆறு கிராம், சில சமயம் அதற்கு மேல். இன்றைய காந்தக் கார்ட்ரிட்ஜ் ஓடுவது இரண்டு கிராமில். அந்தக் கார்ட்ரிட்ஜின் ஓரத்தில் சின்ன நெம்புகோல் ஒன்று உண்டு. ஒரு பக்கம் திருப்பினால் 78-க்கான தடித்த முள், மறுபக்கம் திருப்பினால் எல்.பி. முள். அவசரத்தில் அதைத் திருப்ப மறந்து, தடித்த முள்ளிலேயே எத்தனை எல்.பி. ஓடியிருக்கும் என்று யாருக்குத் தெரியும்? முள்ளும் பல செட்டுகளில் வைரமல்ல, செயற்கை நீலக்கல். ஐம்பது மணி நேரத்துக்குள் தேய்ந்துவிடும் அந்த முள்ளை, பாட்டு கேட்கிறவரையில் மாற்றாமலே ஓட்டினார்கள்.

ஆக நாம் கையில் வைத்திருப்பது தேய்ந்த தட்டு. வெளிநாட்டுப் பத்திரிகைகள் எழுதுகிற கார்ட்ரிட்ஜ் விமர்சனமெல்லாம் புதுத் தட்டை, அல்லது ஒரே வீட்டில் பத்திரமாக இருந்த தட்டை மனதில் வைத்து எழுதியது. அதை அப்படியே எடுத்து நம் தட்டுக்குப் பொருத்த முடியாது.

தேய்ந்த தட்டில் முள்ளின் வடிவம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. எம்.எம்.மா எம்.சி.யா என்பது இரண்டாம் பட்சம். கொஞ்சம் கணக்குப் போடலாம், பயப்பட வேண்டாம்.

எல்.பி. நிமிடத்துக்கு 33⅓ சுற்று. தட்டின் வெளிவிளிம்பில் முள்ளுக்கு அடியில் பள்ளம் நகரும் வேகம் விநாடிக்கு அரை மீட்டருக்குச் சற்று மேல். உள்ளே லேபிளுக்குப் பக்கத்தில் வரும்போது அது சுமார் 21 சென்டிமீட்டராகக் குறைகிறது. சுற்று அதேதான், ஆனால் வட்டம் சின்னதாகிவிட்டது. பி.சுசீலாவின் பாட்டில் 'ச', 'ஸ' வரும் இடத்தை எடுத்துக்கொள்வோம். அந்தச் சீறல் ஏறக்குறைய 7,500 ஹெர்ட்ஸ் அளவில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஓர் அலையின் நீளம் தட்டின் வெளியில் 68 மைக்ரான். உள்ளே 28 மைக்ரான். அதே எழுத்து பாதிக்கும் குறைவான இடத்தில் நெருக்கி எழுதப்பட்டிருக்கிறது. நுனி உருண்டையான சாதாரண முள்ளின் ஆரம் 15 முதல் 18 மைக்ரான். 28 மைக்ரான் அலையின் வளைவுக்குள் அது இறங்காது, மேலோடு இடித்துக்கொண்டு போகும். அதுதான் கடைசிப் பாட்டில் நாம் கேட்கிற 'ஷ்ஷ்' என்ற கிழிசல்.

நீள்வட்ட முள்ளின் பக்க ஆரம் எட்டு மைக்ரானுக்குள். மைக்ரோலைன் என்ற வகையில் மூன்று. கிழிசல் குறைவதற்குக் காரணம் இவ்வளவுதான், மந்திரம் ஒன்றுமில்லை.

கர்நாடக எல்.பி. கேட்கிறவர்கள் இதைத் தனியாகக் கவனிக்க வேண்டும். ஒரு பக்கம் முழுக்க ஒரே பெரிய கிருதி என்றால் தனியாவர்த்தனம் எங்கே வரும்? கடைசியில், லேபிளுக்குப் பக்கத்தில். மிருதங்கத்தின் வலந்தலைச் சாப்பு, கஞ்சிராவின் ஜல்லி, கடத்தின் கணீரென்ற விரலடி, இவையெல்லாம் கூர்மையான உயர்சுர ஒலிகள். தட்டின் மிக மோசமான இடத்தில் போய் அவை உட்கார்ந்திருக்கின்றன. ராக் இசைக்காரனுக்குக் கடைசிப் பாட்டு மட்டும் கெட்டால் பரவாயில்லை. நமக்குக் கச்சேரியின் உச்சமே அங்கேதான். 'பாலக்காட்டு மணி ஐயர் அந்தக் காலத்து ரிக்கார்டில் சரியாக விழவில்லை' என்று சொல்கிறவர்கள் உண்டு. பல சமயம் அவர் தட்டில் சரியாகத்தான் விழுந்திருக்கிறார். நம் முள் அவரிடம் போய்ச் சேரவில்லை.

நுண்முள்ளுக்கு இன்னொரு லாபம். உருண்டை முள் பள்ளத்தின் சுவரை ஓரிடத்தில் மட்டும் தொட்டு, அங்கேயே தேய்த்திருக்கும். மைக்ரோலைன், ஷிபாட்டா போன்ற முட்கள் சுவரை மேலிருந்து கீழாக ஒரு கோடாகத் தொடுகின்றன. பழைய முள் தொடாமல் விட்ட சுவர் இன்னும் புதிதாகவே இருக்கும். அதை இவை படிக்கின்றன. சவுண்டு செட் தட்டு சில சமயம் திடீரென்று பத்து வயது குறைந்ததுபோலப் பாடுவது இதனால்தான். சில சமயம் என்று சொன்னேன். பழைய முள் குதித்துக் குதித்துச் சுவரையே கொத்திவைத்திருந்தால், நுண்முள் அந்தக் காயத்தையும் ஒன்று விடாமல் படித்துக் காட்டும். அப்படிப்பட்ட தட்டுக்குச் சாதாரண உருண்டை முள்ளே கருணையுள்ளது. அதனால்தான் ஒன்றுக்கு இரண்டு முள் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

ஷிபாட்டா என்பது ஓர் ஆளின் பெயர், ஜப்பானின் ஜே.வி.சி. நிறுவனத்துப் பொறியாளர். எழுபதுகளில் நாலு சேனல் தட்டு என்று ஒன்று வந்தது. அதைப் படிக்க மனிதக் காதுக்கு எட்டாத அதிர்வெண்ணும் முள்ளுக்குத் தேவைப்பட்டது. அதற்காக அவர் வகுத்த வடிவம் இது. நாலு சேனல் தட்டு சீக்கிரமே செத்துவிட்டது, முள் பிழைத்துக்கொண்டது.

இனி ஊர்.

மாமல்லபுரத்தை வைத்துக்கொண்டு ஊசியைப் பற்றிப் பேச வந்தவன் உளியைக் கொண்டுவந்து நிறுத்தாமல் போகமாட்டான் என்று நினைப்பீர்கள். எனக்கு உளி வேண்டாம், உளி கிளப்புகிற தூள் வேண்டும். ஐந்து ரதத்துக்குப் போகிற சாலையில் சிற்பக்கூடங்களைப் பார்த்திருப்பீர்கள். இப்போது கிரைண்டர் மெஷினும் ஓடுகிறது. கருங்கல் தூளில் குவார்ட்ஸ் இருக்கிறது. கடற்கரை மணலும் பெரும்பாலும் அதுதான். கடினத்தை அளக்கும் மோஸ் அளவில் வைரம் 10, குவார்ட்ஸ் 7. வினைல் அந்த வரிசையிலேயே நிற்காது. பிற்பகலில் கடற்காற்று எழுந்து, ஜன்னல் திறந்திருந்து, மேலே மின்விசிறியும் சுற்றினால், அந்தத் தூள் எங்கே போய் உட்காரும்? பள்ளத்தில். அப்புறம் இரண்டு கிராம் முள் அதைச் சுவருக்குள் அழுத்திப் புதைத்துக்கொண்டே போகும். முள்ளும் சீக்கிரம் தேயும். தட்டு ஓடும்போது மூடியை மூடுங்கள், மின்விசிறியின் நேர் கீழே டர்ன்டேபிளை வைக்காதீர்கள் என்பது கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரை எல்லாருக்கும் பொருந்தும்.

தூசுக்கு அடுத்தது உப்பு. கார்ட்ரிட்ஜின் பின்னால் நாலு முனை இருக்கிறது, சிவப்பு, வெள்ளை, பச்சை, நீலம். அதில் நாலு கிளிப். கார்ட்ரிட்ஜைத் திருகி வைக்கும் ஹெட்ஷெல் கழற்றி மாட்டுகிற வகையென்றால் அங்கே இன்னொரு நாலு தொடுமுனை. பிறகு ஆம்ப்ளிஃபயரில் செருகும் இடம். உப்புக் காற்றில் ஒவ்வொரு தொடுமுனையிலும் பாசிபோல ஒரு படலம் பிடிக்கும். நாலு மில்லிவோல்ட் தருகிற எம்.எம். அதைப் பெரிதாகக் காட்டிக்கொள்ளாது. 0.3 மில்லிவோல்ட் தருகிற எம்.சி.யில் கரகரவென்று காட்டிக்கொடுத்துவிடும். ஒரு சேனல் திடீரென்று போகும், ஹெட்ஷெல்லைத் தட்டினால் வரும். கடலோரத்தில் இருக்கிறவர்கள் மழைக்காலம் முடிந்ததும் எல்லாத் தொடுமுனைகளையும் கழற்றித் துடைத்து மாட்டுவது நல்லது. எம்.சி. வைத்திருப்பவர்கள் அதை அடிக்கடி செய்ய வேண்டும். செய்யும்போதெல்லாம், தலைமுடி அளவுக் கம்பி அறுந்துவிடுமோ என்று கை நடுங்கும்.

அப்புறம் வெயில். கேன்டிலீவரைத் தாங்கிப் பிடிப்பது ஒரு சின்ன ரப்பர். கம்பெனிகள் கொடுக்கிற எண்ணெல்லாம் 20, 23 டிகிரி அறையை வைத்துச் சொன்னவை. சித்திரையில் செங்கல்பட்டு மத்தியானத்தில் ரப்பர் இளகும், கார்ட்ரிட்ஜ் கொஞ்சம் தாழ்ந்து உட்காரும். 1.8 முதல் 2.2 கிராம் வரை போடலாம் என்று பெட்டியில் அச்சிட்டிருந்தால் நம் ஊரில் நடுவில் வையுங்கள், 2.0. குளிர்நாட்டுக்காரர் மேல் எல்லைக்குப் போகச் சொல்வார். அவருக்கு ரப்பர் விறைக்கிறது, அதனால் சொல்கிறார்.

இப்போது டெனான் டி.எல்.103-க்கு வருகிறேன். அதன் ரசிகர்கள் இந்த அவையிலும் இருப்பார்கள், கோபிக்க வேண்டாம். அது பெரிய கார்ட்ரிட்ஜ். ஜப்பானின் ஒலிபரப்பு நிறுவனமான என்.எச்.கே.யோடு சேர்ந்து அறுபதுகளின் தொடக்கத்தில் வானொலி நிலையத்துக்காக உருவாக்கியது. இன்றைக்கும் ஏறக்குறைய அதே வடிவில் விற்பனைக்கு வருகிறது. எம்.எஸ். குரலை அதில் கேட்டால் அவர் அறைக்குள் வந்து நிற்கிறார் என்பார்கள், பொய்யில்லை. ஆனால் அதன் முள் உருண்டை, ஆரம் 16.5 மைக்ரான். அழுத்தம் 2.5 கிராம். தருவது 0.3 மில்லிவோல்ட். அதன் ரப்பர் விறைப்பானது, கனமான டோன் ஆர்ம், அதாவது கார்ட்ரிட்ஜைத் தாங்கும் கை, கேட்கும். அவ்வளவு சின்ன மின்னழுத்தத்தைப் பெருக்க ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மரோ எம்.சி. ஃபோனோ ஸ்டேஜோ தனியாக வேண்டும். தேய்ந்தால் கையால் மாற்ற முடியாது. நல்ல நிலையிலுள்ள மோனோ குரலிசைத் தட்டுகளும், ஏ.சி. அறையும், கனத்த டோன் ஆர்மும், முள் மாற்ற வெளிநாட்டுக்கு அனுப்பிக் காத்திருக்கும் பொறுமையும் இருப்பவர் தாராளமாக வாங்கட்டும். கடலோரத்தில், சவுண்டு செட் முத்திரை குத்திய ஈ.பி.க்களை வைத்துக்கொண்டிருப்பவருக்கு அது பொருந்தாது. பேருக்காக வாங்குவதாகிவிடும்.

டோன் ஆர்மைப் பற்றி ஒரு கணக்கு. டோன் ஆர்மின் பயனுறு எடை, கார்ட்ரிட்ஜின் எடை, திருகுகளின் எடை மூன்றையும் கிராமில் கூட்டுங்கள். அதைக் கம்ப்ளையன்ஸ் எண்ணால், அதாவது ரப்பர் எவ்வளவு இளகிக் கொடுக்கும் என்று கம்பெனி தரும் எண்ணால், பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, 159-ஐ அதனால் வகுங்கள். விடை, ஆர்மும் கார்ட்ரிட்ஜும் சேர்ந்து ஆடும் அதிர்வெண், ஹெர்ட்ஸில். அது 8-க்கும் 12-க்கும் இடையில் வந்தால் பொருத்தம் சரி. அதற்குக் கீழே போனால் நெளிந்த தட்டின் ஆட்டத்தோடு சேர்ந்து முள் துள்ளும். டெக்னிக்ஸ் எஸ்.எல்.1200-இன் டோன் ஆர்ம் 12 கிராம். ஆடியோ-டெக்னிகா வி.எம்.95 கார்ட்ரிட்ஜ் 6.1. திருகுக்கு ஒன்று. மொத்தம் 19. கம்ப்ளையன்ஸை 13 என்று வைத்தால் விடை பத்து. ஜப்பான்காரர்கள் கம்ப்ளையன்ஸை 100 ஹெர்ட்ஸில் அளந்து சின்ன எண்ணாகப் போடுவார்கள். அதை ஒன்றரை முதல் இரண்டு மடங்காக்கிய பிறகே இந்தக் கணக்கில் போட வேண்டும். இது தெரியாமல், நல்ல பொருத்தத்தைத் தப்பு என்று ஒதுக்கியவர்கள் நிறையப் பேர்.

செராமிக் கார்ட்ரிட்ஜிலிருந்து காந்தக் கார்ட்ரிட்ஜுக்கு மாறுகிறவர்களுக்கு ஒரு சொல். செராமிக் நூற்றுக்கணக்கான மில்லிவோல்ட் தரும், நேரே ரேடியோவின் பின்னால் செருகினாலே பாடும். காந்த வகைக்கு ஃபோனோ ஸ்டேஜ் கட்டாயம். அதில்தான் ஆர்.ஐ.ஏ.ஏ. என்ற ஒலிச் சமன்பாடு இருக்கிறது. அது இல்லாமல் செருகிவிட்டு, 'புதுக் கார்ட்ரிட்ஜ் கிணற்றுக்குள்ளிருந்து பாடுகிறது' என்று புகார் சொல்லக்கூடாது.

சரி, என்னதான் வாங்குவது?

2018-இல் இரண்டு காரியம் நடந்தது. கார்ட்ரிட்ஜ் உலகில் ஆலமரம்போல் நின்ற அமெரிக்காவின் ஷூர் நிறுவனம் அந்தத் தொழிலையே நிறுத்திக்கொண்டது. அதே ஆண்டில் ஆடியோ-டெக்னிகா வி.எம்.95 வரிசையைக் கொண்டுவந்தது. உடல் ஒன்று, அதில் மாட்ட ஆறு முள். உருண்டை, ஒட்டிய நீள்வட்டம், முழு வைர நீள்வட்டம், மைக்ரோலைன், ஷிபாட்டா, கடைசியாக 78-க்கென்று எஸ்.பி. முதலில் மலிவானதை வாங்கி, பிறகு கை நீளும்போது முள்ளை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். ஹெட்ஷெல்லைத் திருப்பித் திருப்பிப் பொருத்தும் வேலை இல்லை. ஆர்ட்டோஃபோனின் 2எம் ரெட் வாங்கியவர் புளூ முள்ளை அதே உடலில் செருகலாம். பிரான்ஸ் (Bronze), பிளாக் இரண்டும் வேறு உடல். அந்த வரிசையும் நல்லதுதான். ஆனால் நம் தட்டுகளின் நிலையைப் பார்த்தால், 78 வரை ஒரே உடலில் முடிகிற வசதி எனக்குப் பெரிதாகப் படுகிறது.

மைக்ரோலைன் முள் விலை அதிகம்தான். ஆனால் ஆயுளைப் பாருங்கள். ஆடியோ-டெக்னிகாவின் கணக்குப்படி நீள்வட்டம் சுமார் 300 மணி நேரம், உருண்டை 500, மைக்ரோலைன் 1,000. தினம் ஒரு மணி நேரம் கேட்கிற வீட்டில் நீள்வட்டம் பத்து மாதம் வரும், மைக்ரோலைன் இரண்டே முக்கால் ஆண்டு வரும். கல்தூள் பறக்கிற ஊரில் இரண்டிலும் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள்.

78 தட்டைப் பற்றி இரண்டு எச்சரிக்கை. அதன் பள்ளம் அகலம். எல்.பி. முள் அடியில் போய் விழுந்து, குப்பையைத்தான் வாரும். மூன்று மில், அதாவது சுமார் 75 மைக்ரான் ஆரமுள்ள முள் வேண்டும். எஸ்.பி. முள் அது. அதை ஐந்து கிராமில் ஓட்டலாம். இரண்டாவது, அரக்குத் தட்டை ஸ்பிரிட்டால் துடைக்காதீர்கள். வினைலுக்குப் பழகிய கை அப்படியே போகும். அரக்கு ஆல்கஹாலில் கரையும், தட்டு அத்தோடு போய்விடும். வாலை வடிநீரும் ஒரு சொட்டு மென்சோப்பும் போதும். இந்தத் தட்டுகள் ஆர்.ஐ.ஏ.ஏ. நிலைபெறும் முன் வந்தவை. ஆகவே டிரெபிளைக் கொஞ்சம் ஏற்றி, பாஸைக் குறைத்துக் கேளுங்கள். பாகவதர் மூடிய வாயால் பாடுவதுபோல் தோன்றுவது அவரால் அல்ல.

சாவி கொடுக்கிற கிராமபோனில் 78-ஐ ஓட்டலாமா என்று முன்வரிசையில் ஐயா ஒருவர் சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறார். ஓட்டலாம் ஐயா, அதற்கென்று செய்ததுதான். ஒரு பக்கத்துக்கு ஒரு இரும்பு முள். பக்கம் முடிந்ததும் முள்ளைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். முள்ளைச் சேமிக்கிறேன் என்று தட்டைத் தின்னக் கொடுக்காதீர்கள். அபூர்வமான தட்டு என்றால் அதில் ஓட்டவே வேண்டாம்.

ஆக என் தீர்ப்பு இது. செங்கல்பட்டு, மாமல்லபுரம் பக்கத்தில் பழைய தமிழ்த் தட்டுகள் வைத்திருப்பவர், முள் மாற்றக்கூடிய எம்.எம். உடல் ஒன்று வாங்கட்டும். அதற்கு மைக்ரோலைன் முள் ஒன்று, காயம்பட்ட தட்டுகளுக்கு உருண்டை முள் ஒன்று, 78 இருந்தால் எஸ்.பி. ஒன்று. எம்.சி.க்கு என்று எடுத்துவைத்த மீதிப் பணத்தில் தட்டு கழுவும் சாதனம் வாங்கட்டும். கழுவாத தட்டில் எந்த முள்ளும் பேசாது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். திருக்கழுக்குன்றம், மதுராந்தகம், அச்சிறுபாக்கம் பக்கங்களில் பழைய சவுண்டு செட் வீடுகள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அங்கே பரணில் தகரப் பெட்டி பெட்டியாகத் தட்டு கிடந்தால், அவை காயலான் கடைக்குப் போகும் முன் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை பேசுங்கள். தேய்ந்துவிட்டது என்று அவர் சொல்வார். எந்த முள்ளில் கேட்டுவிட்டு அப்படிச் சொல்கிறார் என்று கேளுங்கள். நீங்கள் வைத்துக்கொள்ள இடமில்லையென்றால், சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. அங்கே பழைய கிராமபோன் தட்டுகளின் சேகரமும் உண்டு. அவர்களிடம் ஒருமுறை கேட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.